பழம் போகாது, செடி போகும்

கொரியாவை ஆண்ட சேஜோங் மன்னருக்கு ஏங்டு பழம் என்றால் உயிர். ஹங்குல் எழுத்தைத் தந்தவர் என்று உலகம் கொண்டாடுகிற அதே சேஜோங்தான். அவருடைய மூத்த மகன், பின்னாளில் முன்ஜோங் என்ற பெயரில் அரியணை ஏறியவர், பட்டத்து இளவரசராக இருந்தபோது அரண்மனைப் பின்தோட்டத்தில் தன் கையாலேயே ஏங்டு செடி நட்டார். பழுத்ததும் பறித்துக்கொண்டுபோய் அப்பாவுக்குக் கொடுத்தார். வெளியிலிருந்து வருகிற பழம் எதுவும் மகன் நட்ட செடியின் பழத்துக்கு ஈடாகாது என்று மன்னர் மகிழ்ந்துபோனதாக ஜோசோன் வம்சத்தின் அரசவைப் பதிவேடு சொல்கிறது. இது பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பாதியில் நடந்தது.

கொரியர்கள் இந்தக் கதையைப் பிள்ளையின் பாசத்துக்குச் சான்றாகச் சொல்கிறார்கள். பாசம் உண்மைதான். ஆனால் எனக்கு அதில் செடியின் குணமும் தெரிகிறது. நாட்டின் எந்த மூலையில் எது விளைந்தாலும் வரவழைத்துக்கொள்ளக்கூடிய ஒரு மன்னர், இந்த ஒரு பழத்தைக் கொல்லையில் வளர்த்தால்தான் நல்ல பதத்தில் சாப்பிட முடிந்தது. ஏங்டு பயணம் தாங்காத பழம். மெல்லிய தோலுக்குள் சதை நீர்ப்பதமாக இருக்கும். பறித்த ஓரிரு நாளில் கசியத் தொடங்கிவிடும். கூடையில் அடுக்கினால் அடியில் இருப்பது நசுங்கிவிடும்.

சேஜோங்கின் தந்தை டேஜோங் காலத்திலேயே இதனால் ஒரு சிக்கல் வந்தது. ஜோங்மியோ என்னும் அரச முன்னோர் ஆலயத்தில் அந்தந்தப் பருவத்தின் முதல் விளைச்சலைப் படைப்பது வழக்கம். ஏங்டு படைக்க நாள் குறித்து வைத்திருந்தார்கள். பழம் அந்த நாளுக்குக் காத்திருக்கவில்லை. குறித்த நாளைப் பார்க்க வேண்டாம், பழுக்கிற நேரத்தில் படைத்துவிடுங்கள் என்று மன்னரே சொல்ல வேண்டியதாயிற்று.

பட்டும் மிளகும் தேயிலையும் மூட்டையாக உலகைச் சுற்றின. மூட்டையில் ஏறாத இந்தப் பழத்தைச் சாப்பிட விரும்பியவர்கள் செடியையே தங்கள் ஊருக்கு அழைத்துக்கொண்டார்கள். இந்தச் செடி எங்கெல்லாம் போயிற்று என்று பார்த்தால், ஒவ்வோர் இடத்திலும் யாரோ ஒருவரின் கை அதை எடுத்துப்போயிருப்பது தெரிகிறது.

செடியை முதலில் அருகில் பார்த்துவிடுவோம். ஏங்டு ஒரு வகைச் செர்ரி. ஆனால் செர்ரி என்றதும் நம் பேக்கரிகளில் கேக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் சிவப்பு உருண்டையை நினைக்க வேண்டாம். அது பெரும்பாலும் சர்க்கரைப் பாகிலும் சாயத்திலும் ஊறிய களாக்காய். ஜப்பானில் தெருவெங்கும் பூத்துக் கொட்டும் பெரிய சகுரா மரத்தையும் நினைக்க வேண்டாம். இது ஆள் உயரமோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ வளரும் புதர்ச்செடி. அடியிலிருந்தே பல தண்டுகள் கிளம்பிப் பக்கவாட்டில் விரியும். வசந்தம் தொடங்கும்போது, இலை முழுதாக விரிவதற்கு முன்பே, குச்சி முழுவதும் பூத்துவிடும். மொட்டில் இளஞ்சிவப்பு, விரிந்தபின் வெள்ளை, ஐந்து இதழ். பூவுக்குக் காம்பு இல்லையென்றே சொல்லலாம். அதனால் பழமும் காம்பில் தொங்காமல், நம் அரைநெல்லி மாதிரி, கிளையோடு ஒட்டிக்கொண்டு வரிசையாகக் காய்க்கும். ஜூன், ஜூலையில் பழுக்கும். ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பளபளப்பான சிவப்புப் பழம், இனிப்பும் புளிப்பும் கலந்தது, உள்ளே ஒற்றைக் கொட்டை.

இலையைத் திருப்பிப் பார்த்தால் செடியின் பிறப்பிடம் புரிந்துவிடும். அடிப்பக்கம் முழுக்க வெண்மையான மென்மயிர் கம்பளி விரித்ததுபோல் அடர்ந்திருக்கும். வறண்ட காற்றடிக்கும் குளிர்நாட்டு மலைச்சரிவில் பிழைக்க வேண்டிய செடிக்கு, இலையில் இருக்கும் ஈரத்தைக் காப்பாற்ற இது உதவுகிறது. மஞ்சூரியாவிலிருந்து தென்மேற்கே யுன்னான், திபெத் வரை சீனாவின் மலைச்சரிவுகளிலும் காட்டோரங்களிலும் புதர்க்காடுகளிலும் இது தானாக வளர்கிறது. சமவெளியை ஒட்டிய குன்றுகளிலும் இருக்கும், 3,000 மீட்டர் உயரத்திலும் இருக்கும். ஆங்கிலத்தில் இதற்கு நான்கிங் செர்ரி என்று பெயர் விழுந்துவிட்டது. நான்கிங் நகருக்கென்று தனி உரிமை எதுவும் இதில் இல்லை.

மலையிலிருந்து முதலில் சீனர்களின் வீட்டுத் தோட்டத்துக்கு வந்தது. அங்கிருந்து கொரியாவுக்குப் போனது. கொரியக் கிராமங்களில் கிணற்றடியில் ஏங்டு நிற்பது வழக்கமான காட்சியாயிற்று. சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வரும் டானோ திருவிழாவில், பழத்தின் கொட்டையை நீக்கிச் சர்க்கரையில் ஊறவைத்து, தேன் கலந்த குளிர்ந்த நீரில் போட்டு, மேலே பைன் பருப்பைத் தூவிக் குடிப்பார்கள். பெண்ணின் உதட்டுக்கு நாம் கோவைப்பழத்தைச் சொல்கிற இடத்தில் கொரியர் ஏங்டுவைச் சொல்வார்கள். 1950களில் அங்கே பட்டிதொட்டியெங்கும் ஒலித்த ஒரு பாட்டில், ஏங்டு மரத்துக் கிணற்றடியில் கூடும் ஊர்ப் பெண்கள் சியோல் நகரக் கனவில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். போர் முடிந்து, கிராமம் நகரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்த காலம் அது.

ஜப்பானுக்கும் சீனாவிலிருந்துதான் இது போனது. எடோ காலத்துத் தோட்டங்களில் யுசுராஉமே என்ற பெயரில் வேரூன்றியது. அங்கேதான் ஐரோப்பிய அறிவியலின் கண்ணில் பட்டது.

கார்ல் பீட்டர் துன்பெர்க் சுவீடன் நாட்டு மருத்துவர், தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர். ஜப்பான் அன்று ஐரோப்பியரில் டச்சுக்காரரை மட்டுமே உள்ளே விட்டது. அதிலும் நாகசாகி துறைமுகத்தில் கட்டிய தெஜிமா என்ற சிறு செயற்கைத் தீவைத் தாண்ட அவர்களுக்குச் சாதாரணமாக அனுமதி இல்லை. துன்பெர்க் தென்னாப்பிரிக்காவின் கேப்பில் மூன்றாண்டு தங்கி டச்சு மொழி பழகி, டச்சுக்காரராகவே 1775-இல் தெஜிமாவில் இறங்கினார். எதிரே மலை முழுக்கச் செடி. போய்ப் பறிக்க முடியாது. அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. தீவில் வளர்த்த ஆடுமாடுகளுக்குக் கரையிலிருந்து தினமும் தழையும் புல்லும் கட்டுக்கட்டாக வரும். அந்தத் தீவனக் கட்டைப் பிரித்துப் போட்டு, கால்நடை வாய் வைப்பதற்கு முன் ஒவ்வொரு தழையாகப் பார்த்தார். புதிதாக எது கிடைத்தாலும் எடுத்துப் பாடம் செய்துவைத்தார். மொழிபெயர்ப்பாளர்களாக வந்த ஜப்பானியருக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். பதிலுக்கு அவர்கள் செடி கொண்டுவந்து தந்தார்கள்.

1776-இல் ஜப்பானை ஆண்ட ஷோகுனைக் கண்டு மரியாதை செலுத்த, இன்று டோக்கியோ எனப்படும் எடோவுக்குப் போன டச்சுக் குழுவில் அவரும் இருந்தார். பல்லக்கில் அடைத்துத்தான் கூட்டிப்போனார்கள். ஹகோனே மலையேற்றத்தில் இறங்கி நடக்க வாய்ப்புக் கிடைத்ததும், காவலர்களை மூச்சிரைக்க வைத்துவிட்டுச் சரிவுகளில் ஏறிச் செடி சேகரித்தார். ஊர் திரும்பும் வழியில் 1777-இல் இலங்கைக்கு வந்து பல மாதம் தங்கி அங்கும் சேகரித்தார் என்பது நமக்கு ஒரு கூடுதல் தகவல். 1784-இல் வெளிவந்த அவருடைய ‘ஃப்ளோரா ஜபோனிகா’ நூலில்தான் இந்தச் செடி பிரூனஸ் டொமென்டோசா என்ற பெயரோடு பதிவாயிற்று. பிறந்த வீடு சீன மலை; பெயர் வைத்ததோ விருந்துக்குப் போயிருந்த ஜப்பான் வீட்டில். அதே நூலில் இதன் நெருங்கிய உறவினர்களான வேறு சில குறுஞ்செர்ரிகளுக்கும் அவரே பெயர் சூட்டினார்.

பெயர் போன வேகத்தில் செடி போகவில்லை. அதற்கு இன்னும் நூறாண்டு ஆயிற்று. பீக்கிங்கில் ரஷ்யத் தூதரகத்தின் மருத்துவராக 1866 முதல் 1883 வரை இருந்தவர் எமில் பிரெட்ஷ்னைடர். நோயாளிகளைப் பார்த்தது போக மிச்ச நேரத்தில் சீன நூல்களைப் படிப்பதும், நகரைச் சுற்றியுள்ள மலைகளில் விதை சேகரிப்பதும் அவர் வேலை. அந்த விதைகளை ஐரோப்பியத் தோட்டங்களுக்கும், அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் ஆர்னால்டு மரப் பூங்காவுக்கும் அனுப்பினார். 1880களில் இந்தச் செடி அப்படித்தான் அட்லான்டிக்கின் அந்தப் பக்கம் முளைத்தது. அங்கே அதை அழகுச்செடியாகப் பார்த்தார்கள். பனி விலகியதும் முந்திப் பூக்கிற புதர் என்ற மதிப்பு கிடைத்தது. இது சாப்பிடவும் உரியது என்று வற்புறுத்திச் சொல்ல வேறொருவர் வர வேண்டியிருந்தது.

அவர் ஃபிராங்க் மேயர். 1875-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். அங்கே தாவரவியல் தோட்டத்தில் ஹ்யூகோ டி ஃப்ரீஸிடம் வேலை பழகியவர். நடப்பதில் சலிக்காதவர், ஆல்ப்ஸ் மலையைக் கால்நடையாகக் கடந்து இத்தாலிக்குப் போனவர். 1901-இல் அமெரிக்கா சேர்ந்தார். 1905-இல் அமெரிக்க வேளாண் துறையின் அந்நியப் பயிர்ப் பிரிவுத் தலைவர் டேவிட் ஃபேர்சைல்டு அவரைச் சீனாவுக்கு அனுப்பினார். அரசு அவரிடம் அழகுப்பூ கேட்கவில்லை. குடியானவன் விதைத்துப் பலன் காணக்கூடிய பயிர் வேண்டும் என்றது. அதற்காக அவர் மஞ்சூரியாவிலும் வட சீனாவிலும் கான்சுவிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தார். நான்கு பயணங்களில் சுமார் 2,500 வகைத் தாவரங்களை அனுப்பினார். இன்று அமெரிக்கச் சமையலில் பெயர்பெற்ற மேயர் எலுமிச்சை, பீக்கிங் பக்கத்தில் தொட்டிச்செடியாக இருந்ததைக் கண்டு அவர் அனுப்பியதுதான்.

நம் புதர்ச்செர்ரியின் விதையையும் அவர் ஒருமுறையோடு நிறுத்தவில்லை. வெவ்வேறு இடங்களிலிருந்து திரும்பத் திரும்ப அனுப்பினார். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரே செடியின் விதையாக இருந்தால் குணம் குறுகிவிடும். மலைக்கு மலை, ஊருக்கு ஊர் எடுத்தால்தான் எது குளிர் தாங்கும், எது பெரிதாகக் காய்க்கும் என்று பொறுக்கியெடுக்க முடியும். வந்து சேர்ந்த ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வாஷிங்டனில் ஒரு வரிசை எண் கொடுத்துப் பதிந்தார்கள். அந்த எண்களோடுதான் விதைகள் ஆய்வுப் பண்ணைகளுக்குப் பிரிந்து போயின.

1918 ஜூன் முதல் நாள் இரவு, யாங்சே ஆற்றில் ஷாங்காய் நோக்கிப் போய்க்கொண்டிருந்த நீராவிப் படகிலிருந்து மேயர் காணாமல் போனார். சில நாளில் உடல் ஆற்றில் கிடைத்தது. தவறி விழுந்தாரா, தானே குதித்தாரா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. வயது 42. ஷாங்காயில் அடக்கம் செய்தார்கள். தன் அலுவலகத் தோழர்களுக்கென்று அவர் உயிலில் எழுதிவைத்த ஆயிரம் டாலரைக் கொண்டு அவர்கள் ஒரு பதக்கத்தை ஏற்படுத்தினார்கள். புதுத் தாவரங்களைத் தேடிக் கொண்டுவருவோருக்கு இன்றும் அவர் பெயரில் அது தரப்படுகிறது. வெளிநாட்டுப் பழக்கடையில் கைக்கு எட்டிய இடத்தில் எத்தனையோ பழம் இருக்கிறது; அதன் பின்னால் இப்படியொரு மனிதர் நடந்திருக்கிறார் என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை.

அவர் அனுப்பிய செடிக்குச் சரியான இடம் அமெரிக்காவின் வடக்குச் சமவெளி என்று விரைவில் தெரிந்தது. டகோட்டா, மினசோட்டா, அதற்கு வடக்கே கனடாவின் மானிடோபா, சஸ்காட்சுவன். மரமே இல்லாத புல்வெளி. குளிர்காலத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி. கோடையில் வறண்ட காற்று. வழக்கமான செர்ரி மரம் முதல் குளிரிலேயே கருகிவிடும். சீன மலைச்சரிவில் இதையெல்லாம் பார்த்துப் பழகிய புதருக்கு இது புது ஊராகவே தெரியவில்லை. வீட்டைச் சுற்றி வரிசையாக நட்டார்கள். காற்றைத் தடுத்தது, வேலியாக நின்றது, கோடையில் பழமும் கொடுத்தது. குடியானவப் பெண்கள் பழத்தைக் காய்ச்சி ஜெல்லியாகவும் சாறாகவும் குளிர்காலத்துக்கு எடுத்துவைத்தார்கள். மீதியைப் பறவைகள் பார்த்துக்கொண்டன.

இதே காலத்தில் கிழக்கே இன்னொரு பயணம் நடந்துகொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமூர், உசூரி ஆற்றுப் பகுதிகளில் குடியேறிய ரஷ்யர்கள், தாங்கள் கொண்டுவந்த செர்ரி அந்தக் குளிரில் பிழைக்காததைக் கண்டார்கள். அண்டையில் சீனர் வளர்த்த புதர்ச்செர்ரி நன்றாக நின்றது. அதையே எடுத்துக்கொண்டார்கள். விளாடிவோஸ்டாக்கிலும் கபரோவ்ஸ்க்கிலும் செர்ரி என்றால் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். புகழ்பெற்ற பழப்பயிர் வல்லுநர் மிச்சூரின் இதில் ஆர்வம் கொண்டு ஒரு ரகம் தேர்ந்தெடுத்தார். விளாடிவோஸ்டாக் அருகே தூரக்கிழக்கு ஆய்வு நிலையத்தில் நிகிஃபோர் டிகோனவ் இதை அமெரிக்க மணல் செர்ரியோடு கலந்தார். மணல் செர்ரி அதே வட அமெரிக்கச் சமவெளியின் சொந்தப் புதர். ஆசியச் செடி அமெரிக்கப் புல்வெளிக்குக் குடிபோன அதே தலைமுறையில் அமெரிக்கப் புல்வெளிச் செடி ஆசியக் கரைக்கு வந்து, இரண்டும் அங்கே கலந்து ‘லேட்டோ’, ‘ஒகன்யோக்’ என்ற ரகங்கள் பிறந்தன. ரஷ்யத் தோட்டங்களில் இன்றும் இவை இருக்கின்றன.

அந்தக் கலப்பு கைகூடியதற்கு ஒரு காரணம் உண்டு. பெயரும் உருவமும் செர்ரியாக இருந்தாலும், இந்தச் செடி இரத்த உறவில் பிளம், ஆப்ரிகாட் பக்கம். நாம் சாப்பிடும் இனிப்புச் செர்ரியோடு இது கலக்காது. பிளத்தோடும் மணல் செர்ரியோடும் கலக்கும். இதன் வேரில் பிளமும் பீச்சும் ஒட்டுக்கட்டலாம், மரம் குட்டையாக அடக்கமாக வளரும். இலைக்கணுவில் ஒன்றுக்குப் பதில் மூன்று மொட்டு அடுத்தடுத்து இருப்பதைத் தோட்டக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். இனிப்புச் செர்ரியில் அப்படி இருக்காது. பின்னால் வந்த மரபணு ஆய்வுகளும் இந்த உறவையே உறுதிசெய்தன.

தூரக்கிழக்கில் வெற்றி பெற்ற செடியை மாஸ்கோ பக்கம் கொண்டுபோனபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. 40 டிகிரி குளிரைத் தாங்கிய செடி, அதைவிட மிதமான மாஸ்கோ குளிர்காலத்தில் செத்தது. கபரோவ்ஸ்க் பக்கம் குளிர்காலம் வறண்டது, பனி குறைவு. மாஸ்கோவில் மண் உறைவதற்கு முன்பே கனத்த பனி வந்து மூடிவிடும். பனிப்போர்வைக்கு உள்ளே தண்டு மண்ணைத் தொடும் இடம் ஈரமும் வெதுவெதுப்புமாகப் பல வாரம் கிடந்து பட்டை அழுகிவிடும். குளிர் கொல்லாத செடியைக் கதகதப்பு கொன்றது. அனுபவமுள்ளவர்கள் அதற்குப் பிறகு மேட்டில் நட்டார்கள். பனி விழுந்ததும் தண்டைச் சுற்றி மிதித்து இறுக்கிக் குளிரை உள்ளே விட்டார்கள். ஒரு செடியை ஊர் மாற்றும்போது வெப்பமானியை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு தூரம் போயும் இந்தப் பழம் பெரிய சந்தைக்குள் நுழையவில்லை. காரணம் பழையதுதான். பெட்டியில் அடுக்க முடியாது. பழம் சிறியது, கொட்டை பெரியது, ஒவ்வொன்றாகக் கையால் பறிக்க வேண்டும். புதரின் நல்ல காலம் பதினைந்து, இருபது ஆண்டு. வணிகக் கணக்கில் இதெல்லாம் குறை. அந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. ஒரு வாரம் கடையில் கெடாமல் இருப்பதைப் பழத்தின் முதல் தகுதியாக்கிவிட்டால், செடியிலிருந்து நேராக வாய்க்குப் போக வேண்டிய பழமெல்லாம் தோற்றுத்தான் போகும். தோட்ட வீடுகள் போய் அடுக்குமாடிகள் வந்த சியோலில், ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த ஏங்டுவை இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். அரண்மனைத் தோட்டங்கள் அதற்கு ஓர் இடம்.

நம் சமவெளியில் இது வராது. பல வாரம் உறைநிலையை ஒட்டிய குளிரில் தூங்கி எழுந்தால்தான் இதன் மொட்டு விரியும். ஆனால் டொராண்டோவிலும் மாண்ட்ரியலிலும் வினிபெக்கிலும் மினியாபொலிசிலும் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் வைத்திருக்கும் தமிழர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்து ஆறு மாதம் வீட்டுக்குள் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கு இந்தச் செடி ஒரு வேலையே இல்லை. நல்ல வெயில் படும், தண்ணீர் தேங்காத இடமாகப் பாருங்கள். நாற்றுப் பண்ணையில் கன்று கிடைக்கும். விதையாக இருந்தால் இலையுதிர் காலத்திலேயே மண்ணில் போட்டுவிடுங்கள், குளிர்காலம் அதைப் பதப்படுத்தும். மூன்றாம் ஆண்டு வாக்கில் காய்க்கத் தொடங்கும். பாதையிலிருந்து ஒதுக்கும் பனியை அதன் அடியில் கொட்டாதீர்கள். பிள்ளைகளிடம் கொட்டையைக் கடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், உள்ளே இருக்கும் பருப்பு நஞ்சு. வாங்கும்போது வெவ்வேறு கன்றாக இரண்டு வாங்கி அருகருகே நடுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் பூக்கும், பெரும்பாலும் காய்க்காது.